எல்லாம் பச்சை

ஒரு போன் காலில் முடிகிற காரியத்தை மூன்று வாரம் இழுத்து, நாலு பேரைக் கூட்டி, கடைசியில் கெடுத்துவைக்கிற வியாதி எனக்கு உண்டு. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களுக்கு வருகிற தொழில் வியாதி அது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அம்மாவைக் கேட்டால் பிறவியிலேயே இருந்தது என்பாள்.

என் தங்கை செலின் கல்யாணத்தில் அந்த வியாதி முற்றிப்போனது.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணன், நான், செலின். செலினுக்கு ஆறு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, பின்னலை இழுத்துக் கட்டிவிட்டது (கோணலாகத்தான்), முதல் நற்கருணைக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொண்டுவந்தது எல்லாம் அண்ணன். பிறகு அவன் பிரான்சுக்குப் போய் ஒரு ஓட்டலில் சமையலில் சேர்ந்தான். ஏழு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. தங்கை கல்யாணத்துக்கு வந்து, அப்பா இடத்தில் நின்று, அவள் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போவது அவன்தான் என்று எப்போதோ முடிவாகியிருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவன் போன் செய்தான். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லையாம். அது இல்லாமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

"நீ கூட்டிட்டுப் போடா. ஆனா அவ நடந்து வர்றத நான் பாக்கணும். தாலி கட்டுறத பாக்கணும். அது மட்டும் பண்ணிக் குடு" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கவலையே படாதண்ணே, நான் இருக்கேன்ல" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொன்ன இடத்திலெல்லாம் யாராவது அழுதிருக்கிறார்கள்.)

மாப்பிள்ளை ஜெரோமுக்குப் பெரிய மார்க்கெட்டில் பாத்திரக் கடை. நல்ல மனுஷன். அவர் அப்போதே கேட்டார்: "ஏன் மச்சான், ஒரு வீடியோ கால் போட்டா போதாதா?"

நான் சிரித்தேன். எப்படிப்பட்ட சிரிப்பு என்றால், இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கும். "மாப்ள, அதெல்லாம் நடுவுல கட்டாயிடும். நான் நம்ம வீட்லயே சொந்தமா சர்வர் வெக்கிறேன். சினிமா மாதிரி தெரியும் பாருங்க."

நெல்லித்தோப்பில் இருக்கும் எங்கள் வீட்டில், துணி அலமாரிக்கு மேல், ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏற்றினேன். கல்யாணம் நடக்கும் மாதா கோயிலில் நான் வைக்கப்போகும் கேமரா அதற்குப் படம் அனுப்பும். அது ஒரு பக்கம் தனி டிஸ்க் ஒன்றில் பதிவு செய்துகொண்டே மறுபக்கம் பிரான்சுக்கு அனுப்பும். இந்த மட்டில் நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் சர்வர் என்று ஒன்று இருந்தால் அது நலமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு மானிட்டரிங் டூல் வேண்டாமா? அதைக் கன்டெய்னருக்குள் போட்டு ஓட்டினால்தானே நாலு பேர் மதிப்பார்கள்? கன்டெய்னர் என்றால் சாப்பாட்டு டப்பா இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே நாலு சுவர் எழுப்பி, ஒரு புரோகிராமை அதற்குள் தனிக்குடித்தனம் வைப்பது. அதற்கும் வெளியில் இருப்பவற்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெளியே நடப்பதும் அதற்குத் தெரியவேண்டுமென்றால் நாம்தான் வழிவிட வேண்டும்.

நான் விடவில்லை. விடவேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

டூல் ஜம்மென்று ஓடியது. என் போனில் வரிசையாகப் பச்சை வட்டங்கள். டிஸ்க் பச்சை. மெமரி பச்சை. அடியில் ஒரு வரி: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள், ஒன்று. அறிவுள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். ஒரு கம்ப்யூட்டரில் எப்படியும் நூறு புரோகிராமாவது ஓடும். நானோ ஜெரோமைக் கூப்பிட்டுக் காட்டி, "பாருங்க மாப்ள, எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கேன்!" என்றேன். அந்த ஒன்று அந்த டூலேதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மொட்டை மாடியில் கேமராவை வைத்துச் சோதித்தேன். அற்புதமாகத் தெரிந்தது. அண்ணனும் பார்த்து, "கொடியில தொங்குற துண்டுல இருக்குற கிழிசல் கூட தெரியுதுடா" என்றான். பெருமையோடு போனை மூடிவிட்டுக் கீழே இறங்கிவந்தேன். பார்ப்பதை நிறுத்தினேனே ஒழிய, கேமராவை நிறுத்தவில்லை.

கல்யாணத்தன்று காலை மாடியிலிருந்த கேமராவை அப்படியே கொண்டுவந்து கோயிலில் இடது பக்கத் தூணில் மாட்டினேன். கோயில் வாசலில் செலின் வெள்ளைப் பட்டுச் சேலையில், தலையில் முக்காட்டுடன் நின்றாள். நான் கோட்டு சூட்டு. அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"பெரியண்ணா பாக்குதா?"

போனை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பச்சை. "ம், டாப்பா பாத்துட்டு இருக்கான்."

பாடகர் குழு ஆரம்பித்தது. நாங்கள் நடந்தோம். பத்து அடி வைத்திருப்போம், என் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. அண்ணன். துண்டித்தேன். மறுபடியும் அதிர்ந்தது. துண்டித்தேன்.

"யாருண்ணா?" என்றாள் செலின், உதடு அசையாமல்.

"பெரியவன்தான். சந்தோஷம் தாங்கல, கூப்பிட்டுக்கினே இருக்கான்."

அவள் அழகாகச் சிரித்துவிட்டு, இடது பக்கம் கேமராவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். அண்ணனுக்காக. 

பீடத்தருகே மாப்பிள்ளையிடம் அவள் கையைக் கொடுத்தேன். திருப்பலிப் பூசை தொடங்கியது. பிரசங்கம் எல்லாம் முடிந்து, சாமியார் மணமக்களை எழுந்து நிற்கச் சொன்ன நேரம், முதல் வரிசையில் அம்மாவின் கைப்பையிலிருந்து மாதா பாட்டு கிளம்பியது. அம்மாவின் ரிங்டோன். கோயிலே அதிரும் சத்தம். கீபோர்டு வாசிக்கிற ஆள், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பதறி, கூடவே இரண்டு அடி வாசித்துவிட்டு நிறுத்தினார்.

அம்மாவுக்குப் போனைத் துண்டிக்கத் தெரியாது. எடுக்கத்தான் தெரியும். அதுவும் ஸ்பீக்கரில்.

"அலோ! தம்பி, பாத்தியாடா? தங்கச்சி எப்டி இருக்கா?"

"எங்கம்மா பாத்தேன்?" அண்ணனின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "அப்பத்துலேர்ந்து பெரியப்பா பின்மண்டைய தான் பாத்துக்கினு இருக்கேன். படம் அப்படியே நின்னுபோச்சு. அவன் போன கட் பண்றான்!"

இரண்டாம் வரிசையில் பெரியப்பா மெல்லக் கையைத் தூக்கிப் பின்மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நான் போனை உயர்த்திப் பிடித்தேன். "இல்ல ஃபாதர், எல்லாம் பச்சையாத்தான் இருக்கு!"

"என்னப்பா பச்சை?" என்றார் சாமியார்.

செலின் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஆறு வயதில், அண்ணன் வர லேட்டானால் பள்ளிக்கூட கேட்டில் நின்று தெருவைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு சாமியாரிடம், "ஃபாதர், ஒரு நிமிஷம். எங்கண்ணன் பாக்கட்டும், அப்புறம் தாலி கட்டட்டும்" என்றாள். கோயிலில் இருந்த முந்நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று காத்திருந்தேன். அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை.

சாமியார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெரோம் தன் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தட்டு. வீடியோ கால். "அம்மா, இத புடிச்சிக்கோங்க" என்று என் அம்மா கையில் கொடுத்தார். அவ்வளவுதான். என் மூன்று வார உழைப்பை அந்தப் பாத்திரக் கடைக்காரர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

அம்மா போனை இரண்டு கையாலும் மெழுகுதிரி மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதாண்ணே?" என்று நான் கத்தினேன்.

போனுக்குள்ளிருந்து அண்ணன், "அம்மா..." என்று ஆரம்பித்தான். பிறகு, "தெரியுது, நல்லா தெரியுது. கட்டச் சொல்லு" என்றான். ஜெரோம் தாலி கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலேறிப் பார்த்தேன். டிஸ்க் நிரம்பி வழிந்திருந்தது. உள்ளே மூன்று நாள், இரவு பகலாக, எங்கள் துணிக்கொடி. நடுநடுவே ஒரு காக்கா. தப்பித்தவறி மிச்சமிருந்த இடத்தில் பெரியப்பாவின் தலை. கன்டெய்னருக்குள் இருந்த என் டூலோ, அந்த டிஸ்க் ஒன்று இருப்பதே தெரியாமல், தன் நாலு சுவரை மட்டும் பார்த்துப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

மாலையும் கழுத்துமாக வந்த ஜெரோமிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாட்ச்மேன ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு, தெருவுல இன்னா நடக்குதுன்னு கேட்டிருக்க. அவன் பாவம் இன்னா பண்ணுவான்?" என்றார். நாலு வருஷம் படித்தும் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் போச்சு. "உள்ளேர்ந்து பாத்து சொல்றியா, வெளியேர்ந்து பாத்து சொல்றியா?" என்று ஒரு குரல் வரும். டாக்டரிடம் போன இடத்தில் அம்மாவே என்னை அப்படிக் கேட்டிருக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பேப்பர் எல்லாம் சரியாகி அண்ணன் வந்தான். அவன் போனைத் திறந்ததும் முகப்பில் அம்மாவின் முகம். மிக நெருக்கத்தில், பாதி மூக்கு, நனைந்த கண், பின்னால் கோயில் கூரை விசிறி.

"இது இன்னாண்ணா?" என்றாள் செலின்.

"உன் கல்யாணம்" என்றான். "அம்மா போன தன் பக்கமா திருப்பிப் புடிச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் இதுதான் தெரிஞ்சுது."

"ஐயோ! சொல்லியிருக்கலாம்லண்ணே?" என்றேன் நான்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அம்மா மூஞ்சிய அவ்ளோ கிட்ட பாத்து அப்பவே ஏழு வருஷம் ஆயிருந்துச்சுடா. சொன்னா திருப்பிடுவாங்களேன்னு விட்டுட்டேன். ஜெரோம் எப்ப தாலி கட்னாருன்னு அந்த மூஞ்சியிலயே தெரிஞ்சுபோச்சு."

செலின் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மா போனைப் பிடுங்கி, கண்ணருகே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தாள்.

"அறிவு கெட்டவனே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா கண்ணையாச்சும் தொடச்சிக்கினு நின்னிருப்பேன்ல" என்றாள்.