டிவியில் விழுந்த முழங்கால்

இனி ஆயுசுக்கும் தண்ணீர் கேன் தூக்குவதில்லை என்று அப்பா தீர்மானித்தது ஒரு சனிக்கிழமை. அதுவரை மட்டும் தூக்கினாரா என்றால், இல்லை. நானும் அம்மாவும்தான் தூக்கினோம்.

சேலையூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கேன் போடும் தனக்கோடி அண்ணா செவ்வாயும் வெள்ளியும் கேட்டருகே இறக்கிவைத்து ஹாரன் அடிப்பார். மாடி ஏறமாட்டார். கேனோடு அப்பாவும் ஏறமாட்டார். காரணம், அவருடைய வலது முழங்கால்.

"காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனல்ல விழுந்தது, ஜெயசீலி. தொண்ணூத்தொண்ணுல. தூர்தர்ஷன்ல ஊரே பாத்துது."

"ஊர் பாத்துச்சு. நான் பாக்கலையே." அம்மா கணக்கு டீச்சர். ஸ்டெப் போடாத விடைக்கு மார்க் தரமாட்டாள். "என் கண்ணால பாத்தா கேன் பேச்சே எடுக்கமாட்டேன். இல்லேன்னா கேனோட சிலிண்டரும் உங்களுது."

அந்த வாரம்தான், அப்பாவோடு படித்த பொத்தேரி எபி அங்கிளுக்கு அந்த ஃபைனல் பழைய வீடியோ கேசட்டில் கிடைத்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு நானும் அப்பாவும் பார்த்தோம். படம் முழுக்க மழை பெய்தது. முகமெல்லாம் இட்லி. சத்தம் செத்தே போயிருந்தது. நாற்பது நிமிஷ ஆட்டத்தில் அப்பா ஒரே ஒருமுறை தெரிந்தார். அந்த விடைத்த காதை வைத்துக் கண்டுபிடித்தேன். பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பிளஸ்ஸி, கடைசியில ஏழாம் நம்பர் ஒருத்தன் விழறான் பாரு. மூஞ்சி தெரியல. அது நான்."

"நீங்க பெஞ்ச்ல பழம் சாப்பிடுறீங்களேப்பா."

"அதை வெட்டிடு. அந்தக் கால வர்ணனைக் குரல் உனக்கு வருமா?"

எனக்கு வராத குரலா? எங்கள் ஹெச்.எம்., சர்ச் செயலர், தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் தாமதத்துக்கு வருந்தும் அக்கா, எல்லோரும் என் தொண்டையில் வாடகை தராமல் குடியிருக்கிறார்கள். அம்மா மட்டும் வரமாட்டாள். எத்தனையோ முறை முயன்றுவிட்டேன்.

கூலி ஒரு மட்டன் பிரியாணி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போர்வைக்குள் புகுந்து, மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, போனில் பதிவு செய்தேன். "நேயர்களே, இதோ ஏழாம் எண் எலியேசர், சிறுத்தையைப் போல் பாய்கிறார். ஐயகோ, வலது முழங்கால்..." சிறுத்தை அப்பா சேர்த்தது.

அன்று சாயங்காலமே ஹாலில் ஒளிபரப்பு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். ஏழாம் எண் விழுந்தார். என் குரல் தழுதழுத்தது. அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்போது தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மைதானத்தின் நடுவிலிருந்து தெளிவாக ஒரு குரல் கேட்டது.

"என்னங்க, கேன் வந்துடுச்சு. கீழ போய்த் தூக்கிட்டு வாங்க."

அம்மாவின் குரல்.

திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்தது. அது ஒரிஜினல்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம கல்யாணத்துக்குப் பதிமூணு வருஷம் முன்னாடியே கூப்பிட்டிருக்கேன் போல. அப்பவும் நீங்க வரல."

"இது சதி, ஜெயசீலி. ஞாயித்துக்கிழமை எவன் கேன் போடறான்?"

"யாரும் போடமாட்டாங்க. உள்ள பிளஸ்ஸி 'நேயர்களே'ங்கறது கேட்டுச்சு. கதவுக்கு வெளியே நின்னு சும்மாதான் கூப்பிட்டேன். ஆனா உங்க ஃபைனல் இன்னைக்கா நடந்துச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். "உனக்கு இது கேக்கலையா?"

கேட்டது. வெட்ட இரண்டு நிமிஷம் போதும். ஆனால் எனக்கு வராத ஒரே குரல் அது. அசலை வெட்ட மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹாரன் அடித்தது. அப்பா சோபாவில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த முறை இடது முழங்கால். நான் வெட்டியெடுத்த பெஞ்ச் துண்டை அழிக்கவில்லை, அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவர் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தாள்.

"உரிச்சு சாப்பிட்டுட்டு எறங்குங்க. நாலு கேன்."