இன்றைய ஈரம் பன்னிரண்டு

தேயிலைக்கு விலை விழும்போதெல்லாம், தேயிலையைக் காப்பாற்ற வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறிவிடும். இது எங்கள் மலையின் இயற்கை. ஒரு முறை ஓர் ஆய்வுக் குழு வந்து, தேயிலைக்கு விலை விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுப் போனது. அதற்கடுத்து வந்தவன் கீர்த்திவாசன். கோயமுத்தூரில் சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டு, மனைவி பிரீத்தியோடு மஞ்சூரில் என் ரீசார்ஜ் கடைக்கு மேல்மாடியில் குடியேறி, கம்பெனி என்று போர்டு மாட்டினான். முதலாளி, தொழிலாளி, காவல்காரன் எல்லாம் அவனே.

அவன் செய்தது நல்ல காரியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறித்த பச்சை இலையை ஏஜெண்ட் எடை போட்டு ஃபேக்டரிக்கு எடுப்பார். இலையோடு வரும் மழைத் தண்ணீருக்காக எடையில் கழிவு பிடிப்பார். எவ்வளவு கழிவு என்பதை எங்கள் ஏஜெண்ட் சுப்பண்ணன் வானத்தைப் பார்த்து முடிவு செய்வார். வெயில் காய்கிற நாளிலும் வானம் இருக்கத்தானே செய்கிறது! கீர்த்திவாசன் ஒரு குச்சியும், அதற்கொரு செல்போன் ஆப்பும் செய்தான். குச்சியைச் சாக்குக்குள் செருகினால், நூற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று போன் சொல்லிவிடும். பெயர் ஈரமானி.

பிரீத்தி ஒரே நிபந்தனைதான் போட்டாள். "மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒரே ஒருத்தர் இதை நம்பி வாங்கட்டும், இங்கயே இருக்கலாம். இல்லீன்னா பழைய வேலைக்கே கெளம்பணும்."

அவனுக்கு மலையை விட்டு இறங்க மனமே இல்லை. ஒருத்தர் கூடவா வாங்கமாட்டார்கள் என்று நானும் தைரியம் சொன்னேன். ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெள்ளோட்டம் எடைக் கொட்டகையில் நடந்தது. நல்ல வெயில். சுப்பண்ணன் அண்ணாந்து பார்த்து, "பத்து கழிவு" என்றார். அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வேலாமணி அக்கா பொங்கிவிட்டார்.

"வெயில்ல என்னங்க கழிவு? தம்பி, உங்க மெஷினை உள்ள உடுங்க. இவரு வண்டவாளம் வெளிய வரட்டும்!"

ஈரமானி இருபது காட்டியது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அக்காவின் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

"எலை வாடக்கூடாதுன்னு ஒரு கொடம் தெளிச்சனுங்க" என்றார் அக்கா.

சுப்பண்ணன் முகம் மலர்ந்தது. "பிரமாதமான மெஷினுங்க தம்பி!" அந்த உற்சாகத்தில் அடுத்த சாக்கையும் அவரே நகர்த்தி வைத்தார். அதற்கும் பத்து கழித்திருந்தார். ஈரமானி பூஜ்யம் என்றது.

"ரிப்பேர் மெஷினுங்க இது" என்றார்.

பிறகு இருவரும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். அக்காதான் பேசினார். "அவரு கழிக்கறாருன்னு நாங்க ஊத்தறோம். நாங்க ஊத்தறோம்னு அவரு கழிக்கறாரு. இத்தனை வருசமா ஒத்துமையாப் போயிட்டிருக்குதுங்க. நடுவுல நீங்க எதுக்குங்க தம்பி?"

வாடிக்கையாளர் சொல்வதே வேதம் என்பது அப்போதைய மோஸ்தர். கீர்த்திவாசன் வேதம் கேட்டான். பத்துக்குக் கீழே காட்டக்கூடாது என்றார் சுப்பண்ணன். பதினைந்துக்கு மேலே காட்டக்கூடாது என்றார் அக்கா. இரண்டையும் செய்துகொடுத்தான். அரசு அங்கீகாரம் இருந்தால் வாங்கிக்கொள்வதாக இருவரும் சொல்லிவிட்டார்கள்.

குன்னூரில் பசுந்தேயிலை ஈரப்பத நெறிப்படுத்தல் முகாம் அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரி ஜஸ்டஸ் கருவியை உள்ளங்கையில் வைத்து, குழந்தையைப் போல் பார்த்தார்.

"அருமையான கருவி. ஒரே ஒரு நிர்வாகச் சிக்கல். மஞ்சூர்ல பதினாலு காட்டுது, கீழ் கோத்தகிரியில பதினொண்ணு காட்டுது. இது பாரபட்சம் இல்லையா?"

"அங்க மழை கம்மிங்க சார்."

"மழை பாரபட்சமாப் பெய்யலாம் தம்பி. அலுவலகம் அப்படி நடந்துக்க முடியாது."

ஆகவே, மாவட்டமெங்கும் சமச்சீர் ஈரத்தை நிலைநாட்டும் பொருட்டு, நூற்றுக்குப் பன்னிரண்டு என நிர்ணயிக்கப்பட்டது. கீர்த்திவாசன் அதையும் செய்தான். விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். குளிருக்கு அது ஒன்றுதான் உதவியது. விழா முடிவில் ஜஸ்டஸுக்கு ஒரு சிக்கன யோசனை உதித்தது. எப்படியும் ஒரே எண்தான், அதற்குக் கருவி எதற்கு? கொட்டகைதோறும் தகரப் பலகை மாட்டினார்கள். 'இன்றைய ஈரம்: 12.' மழையில் அழியாத பெயிண்ட்.

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆனால் என் கடைக்கும் ஒரு பலகை இலவசமாகக் கிடைத்தது; ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற வாரம். கொட்டுகிற மழையில், பெட்டிகளோடு இருவரும் கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். வழியனுப்ப நானும் நின்றேன். சுப்பண்ணன் ஓடிவந்து அவன் காதைக் கடித்தார்.

"தம்பி, சாக்குல அருவியே ஓடுது, போர்டுல பன்னெண்டுதான். நெசத்தைச் சொல்ற அந்தப் பழைய மெஷின் எனக்கு வேணுங்க. வேலாமணிக்குத் தெரிய வேண்டாம்."

அவர் நகர்ந்ததும் குடையோடு அக்கா வந்தார். "எவ்வளவு ஊத்துனா சரியாப் பன்னெண்டு வரும்னு பாக்கோணுங்க. ஒண்ணு குடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

கடைசியாக ஜீப்பில் ஜஸ்டஸ் வந்து இறங்கினார். "மனைவி பேர்ல ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கு. பழசே ஒண்ணு வேணும். அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாம்."

பிரீத்தி பெட்டியைக் கீழே வைத்தாள். "ஒருத்தர் போதும்னேன். மூணு பேர் வந்துட்டாங்க. குடுத்துட்டு மாடிக்குப் போலாம் வாங்க." அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

கீர்த்திவாசன் தலையைக் குனிந்துகொண்டான். "பழசு இல்லீங்க. ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல அது மேலயே மாத்தி மாத்தி எழுதிட்டேன். தனியா ஒரு காப்பி எடுத்து வெக்கலை."

சொன்னதோடு நிற்காமல், குச்சியை எடுத்து ஓடுகிற சாக்கடைக்குள் செருகினான். பன்னிரண்டு. பெட்டிக்குள் காய்ந்த துணியில் செருகினான். பன்னிரண்டு. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"பலகையில இருக்கறதையே அட்சரம் பிசகாமக் காட்டுதே!" என்றார் ஜஸ்டஸ். "துல்லியமான கருவி."

"அப்பப் பலகையே போதுங்களே" என்றார் சுப்பண்ணன்.

பஸ் வந்தது. பிரீத்தி முதலில் ஏறினாள்.

இப்போது கீர்த்திவாசன் கோயமுத்தூரில் 'என் தோல்வி தந்த பாடங்கள்' என்று மேடை மேடையாகப் பேசுகிறான். மலையில் ஒருத்தர்கூட வாங்காத மெஷின் ஏன் விற்கவில்லை என்று கேட்க, டிக்கெட் வாங்கிக்கொண்டு மண்டபம் நிறைகிறது. நானும் ஒரு நாள் போனேன். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்களில் எத்தனை பேர் ஜெயிப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். "நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்" என்றான். ஒரே கைதட்டல். அந்தப் பன்னிரண்டில் தான் ஒருவர் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை. நானும்தான் தட்டினேன்.

வெளியே வந்ததும், "எப்பப்பா அளந்தே?" என்று கேட்டேன்.

"அளந்தா யாருங்ணா கைதட்டுவாங்க?" என்றான்.