சத்தத்தை வைத்தே சொல்லிவிடுபவர்

நடுத்தெருவில் உங்கள் வண்டி இருமத் தொடங்கினால் முதலில் வந்து சேருபவர் மெக்கானிக் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் இன்னும் வண்டி வாங்கவில்லை. முதலில் வருபவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் கையில் ஸ்பானர் இருக்காது. ஒரு துணிப்பை இருக்கும், அதற்குள்ளிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்தவர் பானட்டுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, சுற்றி நிற்கிற கூட்டத்தை அடக்கி, "ஆஃப் பண்ணுங்க" என்பார். பண்ணுவீர்கள். "இப்பப் போடுங்க" என்பார். போடுவீர்கள். "ம்" என்பார். அதற்குப் பிறகு அந்த வண்டி உங்களுடையதில்லை.

இந்த இனம் இல்லாத ஊர் கிடையாது. போர்ட் பிளேரில் இதன் சிறந்த மாதிரி, ஹேடோ ஊழியர் குடியிருப்பில் இருந்த உதயசூரியன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து, அரசு அலுவலகமொன்றில் சேர்ந்து, கோப்புகளைத் தள்ளித் தள்ளியே தலைமை எழுத்தர் ஆனவர். சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தார். தினமும் காலையில் அதைச் சாய்த்து, உதைத்து, கடைசியில் ஹேடோ இறக்கத்தில் தள்ளிவிட்டுத்தான் கிளப்புவார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் கிடையாது. மற்றவர்கள் வண்டிக்கு வருவது நோய். தன் வண்டிக்கு இருப்பது சுபாவம்.

வண்டியோடு அவர் நிறுத்திக்கொண்டதுமில்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ், மாடி வீட்டு மோட்டார், துறைமுகத்தில் ஊதுகிற கப்பல், எதுவானாலும் காதைக் கொடுத்தால் போதும். சுனாமிக்குப் பிறகு தீவில் அடிக்கடி நிலம் ஆடியது. மின்விசிறி லேசாக அசைந்தாலே குடியிருப்பு முழுக்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடும். உதயசூரியன் மட்டும் விசிறிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு நிதானமாக வெளியே வருவார். "அஞ்சு புள்ளி ரெண்டு. மையம் நிக்கோபார் பக்கம். எல்லாரும் உள்ளே போங்க." மறுநாள் செய்தியில் வேறு எண் வந்தால் அவர் கோபப்படமாட்டார். "அவங்க மிஷின் பழசு" என்பார்.

ஆனால் நல்ல மனிதர். கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டாலும் வருவார், கொட்டுகிற மழையில் குடையில்லாமல் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார். இப்படிப்பட்டவர்களோடு இருக்கிற கஷ்டமே இதுதான். திட்டவும் முடிவதில்லை.

அவருடைய நெருங்கிய சிநேகிதர் சொக்கலிங்கம். காரைக்குடிக்காரர்; அபர்டீன் பஜாரில் இரும்புச் சாமான் கடை. சொக்கலிங்கம் ஒரு டர்போ டீசல் கார் வாங்கினார். டர்போ என்பது வண்டியின் புகையாலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கிற ஒரு குட்டி விசிறி. மிதித்த உடனே ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துக் குப்பென்று இழுக்கும். இதை உதயசூரியன்தான் தெரு முழுக்க விளக்கினார். கூடவே சொக்கலிங்கத்தின் மனைவி சந்திரமதிக்கு ஓர் அறிவுரையும் சொன்னார். சந்திரமதி பள்ளி ஆசிரியை. பழைய காரை வருஷக்கணக்கில் ஓட்டியவர்.

"டர்போ ஒரு மாதிரி, தங்கச்சி. நீ தொடாதே. சொக்கு பழகிக்கட்டும்."

சந்திரமதி தொடவில்லை.

வாங்கி ஒரு வருஷம் நன்றாக ஓடிய கார், அதன்பிறகு குலுங்க ஆரம்பித்தது. வேகமெடுக்கும்போது ஒரு பாய்ச்சல், உடனே முகத்தில் அறைந்தது போல ஒரு தயக்கம், மறுபடி பாய்ச்சல். உள்ளே இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போனார்கள். உதயசூரியனுக்கு வாழ்க்கையில் ஓர் அர்த்தம் கிடைத்தது.

முதலில் டீசலில் தண்ணீர் என்றார். தீவு ஈரம், பீப்பாய் டீசல், வேறென்ன? ஃபில்டரை மாற்றினார்கள். குலுங்கியது. டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகிற ரப்பர் குழாயில் விரிசல் என்றார். குழாய் சென்னையிலிருந்து வரவேண்டும். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று கப்பல் தாமதமாகியது. தாமதமான குழாய் வந்து, ஹேடோவில் இறங்கி, மாட்டப்பட்டது. பழைய குழாயில் விரிசலே இல்லை. "வெளியே தெரியாது, உள் விரிசல்" என்றார் உதயசூரியன். குலுங்கியது. அப்புறம் உப்புக்காற்று பட்டு சென்சார் கெட்டது என்றார், அப்புறம் பேட்டரியின் எர்த் ஒயர் என்றார், அப்புறம் எஞ்சினையே தாங்குகிற ரப்பர் என்றார். ஒவ்வொரு தடவையும் முன்பு சொன்னதை அவர் வாபஸ் வாங்கவில்லை. "அதுவும் இருந்தது. இது வேற."

பணிமனை வைத்திருந்த இராமகிருஷ்ணன், சொன்னதையெல்லாம் மாட்டினார், கழற்றினார். ஒருநாள் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, தீவு இந்தி கலந்த தமிழில், "சார், நான் ஓட்டினா வர்றதே இல்லியே. காடி ஏக்தம் ஸ்மூத்தா போகுது" என்றார்.

யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள், இல்லையா? உதயசூரியனும் யோசித்தார்.

"பல் வலிக்காரன் டாக்டர் வீட்டுப் படியேறினா வலி நின்னுடும். அந்த மாதிரிதான். மெக்கானிக் உக்காந்தா வண்டி அடக்கமா இருக்கும். இது பக்கா எலெக்ட்ரிகல்."

சொக்கலிங்கம் ஒப்புக்கொண்டார். இராமகிருஷ்ணனும் ஒப்புக்கொண்டார். அனுபவத்தில் எல்லாருக்கும் உண்மையாகப் படுகிற ஒன்றை யாரால் மறுக்க முடியும்?

இந்த நிலையில் தீவின் வடகோடியில், திக்லிபூரில் சந்திரமதியின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றார் சந்திரமதி. "நான் கூட வர்றேனே, அப்புறம் என்ன? தூரம் ஓடினாத்தான் நோய் பிடிபடும்" என்றார் உதயசூரியன். எனவே நான்கு பேர் காரில் கிளம்பினார்கள். ஓட்டுகிற இடத்தில் சொக்கலிங்கம், பக்கத்தில் உதயசூரியன், பின்னால் சந்திரமதியும் உதயசூரியனின் மனைவி அலமுவும்.

வடக்கே போகிற சாலை ஜார்வா பழங்குடிகளின் காட்டுக்குள் புகுகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளையெல்லாம் வரிசையாகச் சேர்த்து, முன்னால் காவல் வண்டி விட்டு, ஒரே தொடராக அனுப்புவார்கள். நடுவில் நிற்கக்கூடாது, முந்தக்கூடாது. சாவடியில் காத்திருந்தபோது சொக்கலிங்கம் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று வாங்கினார். "வெயில்" என்றார். கதவைத் திறக்க அலமு கை வைத்தபோது, "இருங்க, எஞ்சின் ஐட்லிங்ல ஒரு சத்தம்" என்று உதயசூரியன் எல்லாரையும் மூச்சுக்கூட விடாமல் உட்காரவைத்திருந்தார்.

தொடர் நகர்ந்தது. சொக்கலிங்கத்தின் கார் பாய்ந்தது, தயங்கியது, பாய்ந்தது. முன்னால் போன பஸ்ஸை முட்டப் போவது போல நெருங்கும், உடனே பின்வாங்கும். பின்னால் வந்த டெம்போக்காரன் பிரேக் போட, அவனுக்குப் பின்னால் லாரிக்காரன் போட, கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் அரை மைல் நீளத்துக்கு ஒரு வாகனத் தொடர் முழுவதும் தலையாட்டிக்கொண்டு போனது. டெம்போக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"அரே பாய்! காடியா ஓட்டுறே, ஜூலா ஆடுறியா? ஊஞ்சலா இது?"

"டர்போ பிராப்ளம்!" என்று உதயசூரியன் ஜன்னல் வழியாக அவனுக்கு விளக்கம் கொடுத்தார்.

ஒரு வளைவில் கார் துள்ளிய துள்ளலில் பஸ்ஸின் பின்பக்கம் கண்ணாடி நிறைய வந்துவிட்டது. அலமு கத்திவிட்டார். சொக்கலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "நான் மிதிக்கவே இல்லியே, சூரியண்ணே. சத்தியமா மிதிக்கலை. தானா பாயுது."

"தெரியும். பெடல் சென்சார்" என்றார் உதயசூரியன். குரலில் ஒரு திருப்தி இருந்தது. கடைசியில் பிடித்துவிட்டோம் என்கிற திருப்தி.

காடு முடிகிற இடத்தில் ஒரு கடற்கால்வாய். வண்டிகளை ஃபெர்ரியில் ஏற்றி அக்கரை கொண்டுபோவார்கள். காரை ஃபெர்ரியின் தட்டையான இரும்புத் தளத்தில் ஏற்றி நிறுத்தியதும் எல்லாரும் இறங்கினார்கள். உச்சி வெயில். உதயசூரியன் பானட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினுக்கு அடியிலிருந்து ஏதோ சொட்டுகிறதா என்று பார்க்கக் குனிந்து, தளத்தில் கை ஊன்றினார்.

ஊன்றிய கையை அலறிக்கொண்டு எடுத்தார். தோசைக்கல் மாதிரி இருந்தது.

கையை உதறிக்கொண்டே காருக்கு அடியில் பார்த்தார். அந்தப் பக்கம் இரண்டு கால்கள் தெரிந்தன. இடது காலில் ரப்பர் செருப்பு. வலது கால் வெறுங்கால். அது அந்த இரும்பின்மேல் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. நகரவில்லை, விரல்கள்கூட மடங்கவில்லை.

உதயசூரியன் எழுந்து சுற்றிக்கொண்டு ஓடினார். சொக்கலிங்கம் கம்பியில் சாய்ந்து அலையாத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொக்கு, சுடலையா?"

"எது?"

"கால்டா!"

சொக்கலிங்கம் குனிந்து பார்த்தார். செருப்பு இல்லாதது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சந்திரமதி ஓடிவந்து அவரைத் தன் தோளில் சாய்த்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் வெந்து கொப்புளித்திருந்தது. குதிகாலில் வேறொரு புண், பழசு, யாரும் பார்க்காமலே ஆழமாகியிருந்தது. காணாமல்போன செருப்பு ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் சிக்கிக் கிடந்தது.

எல்லாரும் உதயசூரியனைப் பார்த்தார்கள். பழக்கம்தான். அவர் பெடலுக்கு அடியில் கைவிட்டு அந்தச் செருப்பை உருவி எடுத்தார்.

அக்கரையில் சந்திரமதி சாவியை வாங்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. கார் தண்ணீரில் படகு போவது போல வழுக்கிக்கொண்டு போனது. வழி முழுக்க உதயசூரியனின் காது, பழக்க தோஷத்தில், ஏதாவது ஒரு சத்தத்தைத் தேடியது. ஒரு சின்னக் கரகரப்பு கிடைத்திருந்தால்கூட அவருக்குப் போதும். கிடைக்கவில்லை.

அக்கரைத் தீவான பாராடாங்கின் சுகாதார நிலையத்தில் நர்ஸ் சொக்கலிங்கத்தின் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவரப் போனார். போன வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து காலைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்கே தெரியுதா?" என்று கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி மரத்துப்போகுது?"

"மரத்துப்போறதுன்னு இல்லைங்க. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கும். செருப்பு மெத்துன்னு இருக்குன்னு நினைச்சேன்."

சர்க்கரை வியாதி, யாருக்கும் சொல்லாமல் உள்ளே வந்து, பாதத்திலிருந்த உணர்ச்சியைத் துடைத்து எடுத்திருந்தது. எவ்வளவு மிதிக்கிறோம் என்று காலுக்குத் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் மிதித்திருக்கிறார். டர்போ குப்பென்று இழுத்ததும் பயந்து எடுத்திருக்கிறார். காருக்கு ஒன்றுமேயில்லை.

வராந்தா பெஞ்சில் உதயசூரியன் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, ஃபில்டரைக் கேட்டீங்க, குழாயைக் கேட்டீங்க, ஒயரைக் கேட்டீங்க. அந்த மனுஷனை ஒருதரம், உனக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உள்ளேயிருந்து சொக்கலிங்கம், "சூரியண்ணே எங்கே? அவரை வரச்சொல்லுங்க" என்று கூப்பிட்டபோது எழுந்து போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "பயமா இருக்குண்ணே" என்றார் சொக்கலிங்கம். "எனக்கும்தான்டா" என்றார் உதயசூரியன். இருவருடைய சிநேகிதத்தில் அவர் ஒரு விஷயத்துக்குக் காரணம் சொல்லாமல் நின்றது அதுதான் முதல்தடவை. சொக்கலிங்கத்துக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

கிரகப்பிரவேசம் இவர்கள் இல்லாமலே நடந்தது. போர்ட் பிளேர் மருத்துவமனையில், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார்கள். ஒரு விரலோடு போயிற்று. புண் ஆறுகிறவரை, ஸ்கூட்டரைத் தள்ளி, கிளப்பி, உதயசூரியன் தினமும் சொக்கலிங்கம் வீட்டுக்குப் போனார். தரையில் உட்கார்ந்து, சிநேகிதரின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கட்டுப் பிரித்துக் கட்டினார். அந்த நாட்களில் தெருவில் எந்த வண்டி இருமினாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொக்கலிங்கம் நடக்க ஆரம்பித்தார். காரைச் சந்திரமதி ஓட்டினார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று எல்லாரும் நம்பினார்கள். மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிற வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற வங்காளிக்காரர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பதை உதயசூரியன் கவனித்தார். கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் குனிந்தார்.

"தாதா, ஏக் மினிட். செருப்பைக் கழட்டுங்க."

இப்போது ஹேடோவில் காது போய்க் கண் வந்திருக்கிறது. யார் நடந்தாலும் அவர் பாதத்தைப் பார்க்கிறார். நடையை வைத்தே சொல்லிவிடுகிறார். இரண்டு பேரை உரிய நேரத்தில் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களுக்குச் செருப்புதான் கடித்திருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கார் குலுங்குகிறது என்று படித்த உடனே, "இது குழாய்தான்" என்று உங்களில் எத்தனை பேர் முடிவுகட்டினீர்கள்? உங்களை யாராவது கேட்டார்களா? இன்னும் சிலர் சொக்கலிங்கம் இரண்டாவது பாட்டில் தண்ணீர் வாங்கிய இடத்திலேயே "சுகர்" என்று சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோம் என்கிற சந்தோஷத்தில் மீதியைப் படித்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சத்தமாகவே சொல்லியும் இருப்பீர்கள். அப்போது அவர் உங்களிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அது என்னவென்று இப்போதாவது கேளுங்கள்.