மழைக்குத் தெரிந்த வீடு

ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களுக்கும் ஒரே பெயர் வந்து சேர்ந்தபோது காலை மணி பத்தரை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. நூலகர் திரையை மேலே உருட்டினார், கீழே உருட்டினார். சமையல், சட்டம், வான சாஸ்திரம், குழந்தைப் பாடல்கள் என எந்தப் பிரிவைத் திறந்தாலும் 'மழைக்குத் தெரிந்த வீடு' என்றே இருந்தது.

இத்தனைக்கும் அவர் திருத்த நினைத்தது ஒரே ஒரு 'த்'.

மாலை நான்கு மணிக்கு மேலதிகாரி வருகிறார். வாசகர்கள் வருவதில்லை, கட்டடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாமா என்று பார்த்துச் சொல்லப் போகிறார். அவரிடம் காட்டப் புத்தகப் பட்டியலை அச்செடுக்கும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 'மழைக்கு தெரிந்த வீடு.' ஒற்று விட்டுப்போன தலைப்பைக் கண்டால் நூலகருக்குச் செருப்புக்குள் கல் நுழைந்த மாதிரி. அதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் ஆகாது.

பட்டியல் இருந்த தரவுத்தளம் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். திரும்பப் பூட்டுவது அவரவர் பாடு. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது. 'பயனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்' என்று ஒரு பக்கம் மட்டும் இருந்தது.

மூன்றாம் கேள்வி: ஒரு பதிவைத் திருத்துவது எப்படி? நூலகர் அதில் சொன்னபடியே கட்டளையை அடித்தார். எந்தப் புத்தகத்துக்கு என்று குறிப்பிடும் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டார். தரவுத்தளம் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் என்று எடுத்துக்கொண்டது.

நான்காம் கேள்வி: செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியுமா? 'முடியும், தொடங்குமுன் தொடங்குவதாகச் சொல்லியிருந்தால். சொல்லவில்லையெனில் அடுத்த கேள்விக்குச் செல்லவும்.'

இந்தப் பதிலில் ஒரு மாமியாரின் குரல் கேட்டது நூலகருக்கு. அடுத்த கேள்விக்குச் சென்றார்.

ஐந்தாம் கேள்வி காப்புப் பிரதியைப் பற்றியது. தேடியதில் ஒன்று கிடைத்தது. ஆறு வருடத்துக்கு முந்தையது. ஏற்றினார். புத்தகப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அதை உள்ளே விடவில்லை. இரவல் பதிவேடு மட்டும் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அது செய்த முதல் காரியம், ஆறு வருடமாகப் புத்தகம் திருப்பாத ஆயிரத்து முந்நூறு பேருக்கு மெசேஜ் அனுப்பியது: 'தாங்கள் எடுத்துச் சென்ற மழைக்குத் தெரிந்த வீடு நூலை உடனே திருப்பித் தரவும்.'

நூலகர் அவசரமாகப் பக்கத்தைக் கீழே உருட்டினார். பதினொன்றாம் கேள்வியைப் பார்த்தார். 'ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் பெரும்பாலான சிக்கல்கள் தீரும்.' நிறுத்தினார். தொடங்கினார். மெசேஜ்கள் முதலிலிருந்து இன்னொரு முறை போயின.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். குடையை மடக்கியபடியே பேச ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவை மெசேஜ் வந்துச்சும்மா. வீடு பூரா தேடிட்டேன். கிடைக்கல."

"சார், அது வந்து, தப்பா போன மெசேஜ்."

"தப்பு என்னுதுதான். நல்லா ஞாபகம் இருக்கு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு எனக்கு."

பின்னாலேயே வந்த தையல்கார அம்மாள் நின்றார். "எந்தப் புத்தகம் சொல்றீங்க? மழைக்குத் தெரிந்த வீடா? அதுல சிரிக்க என்ன இருக்கு? கடைசியில அந்தப் பொண்ணு ஜன்னலைச் சாத்துவாளே, நான் மூணு நாள் சரியா சாப்பிடல."

"சாத்த மாட்டாம்மா. தெறப்பா."

"நீங்க வேற ஏதோ படிச்சிருக்கீங்க."

பன்னிரண்டு மணிக்குள் வரிசை வாசலைத் தாண்டியது. ஒரு கணவனும் மனைவியும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"அலமாரிக்குப் பின்னாடி விழுந்திருக்கும்னு அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி.

"நீதான் உன் தங்கச்சிக்குக் கொடுத்த. அவ வாங்கினா திருப்பித் தர்ற ஆளா?"

நூலகர் ஒவ்வொருவரிடமும் விளக்கிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குற்ற உணர்ச்சியோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பத் தயங்கி, ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்தார்கள். எடுத்தவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். மழை வலுத்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரின் நிழல் மேசைகளின் மேல் மெல்ல ஊர்ந்தது. கூடம் முழுக்க ஈரத்துணி வாசனை. பக்கம் புரளும் சத்தம் எங்கோ தூரத்தில் புறாக்கள் எழும்புவது போல் கேட்டது.

நூலகர் அலமாரி அலமாரியாக அந்தப் புத்தகத்தைத் தேடினார். எங்கும் இல்லை. தேடத் தேட, அவருக்கும் ஞாபகம் வரத் தொடங்கியது. நீல அட்டை. மூலை மடிந்த பக்கம். கல்லூரிக்குப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டது. கதை மட்டும் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது.

நான்கு மணிக்கு மேலதிகாரி வந்தார். உள்ளே நுழைய வழியில்லை. படிக்கட்டில்கூட இரண்டு பேர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டிப் பெருக்கும் அக்கா ஈரக் காலடிகளைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தார்.

"யாரும் வர்றதில்லன்னு ரிப்போர்ட் வந்துதே" என்றார் அதிகாரி. "எதுக்கு இத்தனை பேர்?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று நூலகர் முடிவு செய்திருந்தார். "சார், ஒரு புத்தகத்தைத் தேடி வந்திருக்காங்க. மழைக்குத் தெரிந்த வீடு. அதுல என்ன ஆச்சுன்னா..."

அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"இருபது வயசுல படிச்சது. ஒருத்தங்க கொடுத்தாங்க. நான் திருப்பிக் கொடுக்கறதுக்குள்ள அவங்க ஊரைவிட்டே போயிட்டாங்க." ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "மூடறதைப் பத்தி இனி யாரும் பேச மாட்டாங்க. நான் எழுதிடறேன். அந்தப் புத்தகத்துல பத்துப் பிரதி வாங்கிப் போடுங்க. முதல் பிரதி எனக்கு."

அவர் போனபின் நூலகர் தன் நாற்காலியில் சரிந்தார். பிழைத்தாயிற்று. இனி அந்தப் பத்துப் பிரதிக்கு எங்கே போவது? எழுதியவர் யார், பதிப்பித்தவர் யார், எதுவும் பதிவில் இல்லை. கூட்டிப் பெருக்கும் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, தினமும் எல்லா அலமாரியும் தட்டித் துடைக்கிறீங்களே. மழைக்குத் தெரிந்த வீடுன்னு ஒரு புத்தகம் உங்க கண்ணுல பட்டுதா?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்படி ஒரு புத்தகமே கிடையாது மேடம். போன வாரம் நீங்க சாப்பிடப் போனப்ப, டைப் அடிக்க வருதான்னு பார்க்க, மனசுல தோணின பேரை நான்தான் உங்க கம்ப்யூட்டர்ல அடிச்சேன்."