தேங்காய் எழுந்து நின்ற மேடு

இண்டர்நெட் பூமிக்கு அடியில் ஓடுகிறது என்றும், அதைத் தேங்காய் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் தமிழ்நாட்டிலேயே நம்பிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தேங்கா மாமாதான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். மொட்டை மாடியில் செல்போனை ஏந்திக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்ற எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ரேஷன் கார்டில் இருக்கலாம். போர்க் கிணறு போடுகிறவர்களுக்கு நீரோட்டம் பார்த்துச் சொல்வது அவர் தொழில். குடுமித் தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு தோட்டக் காட்டுக்குள் மெதுவாக நடப்பார். அடியில் தண்ணீர் ஓடுகிற இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே துளை போடுகிற ரிக்கு வண்டியை நிறுத்தி ஓட்டுவார்கள். தண்ணீர் இல்லாத போரில் கல்தூள்தான் குபுகுபுவென்று கிளம்பும்; அதற்கு எங்கள் பக்கம் புகை என்று பெயர். தேங்கா மாமா காட்டிய இடங்களில் திருச்செங்கோடு மலையே மறைகிற அளவுக்குப் புகை வந்திருக்கிறது.

"தேங்கா என்னமோ நல்லாத்தான் நிக்குது. தண்ணிதான் வர மாட்டேங்குது" என்பார் என் மாமியார்.

தேங்கா மாமா கடைசியாகப் பார்த்துச் சொன்ன போர் எங்களுடையது. நான் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்னால் நடந்த கதை. என் மாமனார் அவரை அப்படி நம்பினார். பாறை மேட்டில் தேங்காய் எழுந்து நின்ற உடனே, போர் போடுவதற்கு முன்பே மோட்டார் ரூம் கட்டி, கரண்டும் இழுத்து, வாழை வைப்பதா மஞ்சள் வைப்பதா என்று மாமியாரோடு சண்டையும் போட்டு முடித்துவிட்டார். ரிக்கு ஓடியது. புகை வந்தது. வந்துகொண்டே இருந்தது. குழியைப் பலகைக்கல் போட்டு மூடினார்கள். அன்றோடு மாமனார் தேங்கா மாமாவிடம் பேசுவதை நிறுத்தினார். வேலி ஒன்றே என்றாலும் பார்வை கூடக் கிடையாது. வீட்டில் யாரும் பாறை மேட்டுப் பக்கம் போகக் கூடாது, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. தேங்கா மாமாவும் அதன்பிறகு தண்ணீருக்காகத் தேங்காயைத் தொடவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் நான் சேலம் டவுனிலிருந்து மருமகளாக வந்தேன். கணவர் ரிக்கு வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருப்பார். எனக்கு ஒரு பெங்களூர் கம்பெனியில் வேலை. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் பில்களைச் சரிபார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை அந்த வேலையை விடமாட்டேன் என்பதுதான். கம்பெனிக்காரர்களும் ஒரு நிபந்தனை போட்டார்கள்: வீட்டிலிருந்தே பாருங்கள், ஆனால் நெட் நிற்கக் கூடாது. நின்றால் பெங்களூருக்கு வந்து சேருங்கள், இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தோட்டத்து வீட்டுக்குக் கேபிள் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். சிம் போட்ட வெள்ளை டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் பச்சை விளக்கு எரிந்தால் நெட் இருக்கிறது, சிவப்பு எரிந்தால் இல்லை. எங்கள் வீட்டு டப்பாவில் ஆரஞ்சு எரிந்தது. ஆரஞ்சு என்றால் என்னவென்று அந்தக் கம்பெனிக்கே தெரியவில்லை.

எங்கள் தோட்டத்து மத்தியானம் ஒரு தினுசானது. மக்காச்சோளத் தட்டை சலசலக்கும். கோழிகள் நிழலில் கண்ணை மூடிக்கொள்ளும். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி இருந்தால் வேலை செய்கிறேனா, தூங்குகிறேனா என்று எனக்கே விளங்காது. மேனேஜர் குரல் பாதி வார்த்தையில் நின்றுபோகும். மீதி வார்த்தை மக்காச்சோளத்துக்குள் எங்கோ விழுந்து கிடப்பது போலத் தோன்றும். தேடி எடுக்கலாமா என்றுகூட ஒருநாள் எழுந்தேன். அப்படி ஒரு மயக்கம்.

அப்படிப்பட்ட மத்தியானம் ஒன்றில்தான் மொட்டை மாடியில் செல்போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து, எத்தனை கோடு தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏஞ் சாமி, நீயும் பாக்கறயா?"

தலைப்பாகை கட்டிய ஒல்லி உருவம். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிக்னல் பாக்கறேனுங்க மாமா."

"நடை பரவால்ல. ஆனாக் கையி ஆடுது. கை ஆடுனா நிக்காது சாமி."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் தேங்காய் இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அதை வெளியே எடுத்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"சிக்னல் மேல இருந்து வருதுங்க மாமா" என்றேன்.

"யாரு சொன்னா? கடலுக்கு அடியில கம்பி போட்டுத்தான் வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானல்லோ? கடலுக்கு அடியில வாரது, நம்ம காட்டுக்கு வந்ததும் எதுக்குச் சாமி மேல ஏறோணும்?"

நான் பி.எஸ்ஸி. படித்தவள். செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மாமனார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்து தேங்காயோடு சுற்றினார். முதலில் சமையலறையில் கிரைண்டர் பக்கத்தில் எழுந்து நின்றது. டப்பாவைக் கிரைண்டர் மேல் வைத்தோம். பச்சை எரிந்தது! மறுநாள் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் இட்லிக்கு மாவு ஆட்டினார். "ஏதாவது ஹெலிகாப்டர் இறங்குகிறதா?" என்று மேனேஜர் கேட்டார்.

அடுத்து கோழிக்கூண்டில் நின்றது. "இங்கதான் சாமி, நல்ல ஓட்டம்" என்றார். வைத்தோம். நாமக்கல் ஜில்லாவில் கோழிக்குத் தெரியாமல் எதையும் செய்ய முடியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். டப்பா வெதுவெதுப்பாக இருந்ததால் ஒரு பெட்டைக்கோழி அதன் மேல் அடை உட்கார்ந்துவிட்டது. எடுக்கப் போனால் கொத்துகிறது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டால், டப்பாவை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள்.

"கோழி உட மாட்டேங்குதுங்க" என்றேன்.

போனில் பேசிய பெண், "மேடம், கோழியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்றாள். அவளுக்கும் என்ன அலுப்போ, பாவம்.

அந்தக் கம்பெனியோடு பேசுகிற வேலையையும் தேங்கா மாமாவே ஏற்றுக்கொண்டார். பதிவுசெய்த குரல், "வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஆரம்பித்தால், "வணக்கமுங்க அம்மிணி, சாப்டாச்சுங்களா?" என்பார். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று அது சொல்லும். அழுத்த மாட்டார்.

"அழுத்துங்க மாமா!"

"பொம்பளப்புள்ள பேசிக்கிட்டு இருக்கறப்ப நடுவால அழுத்துனா மரியாதையா சாமி? முடிக்கட்டும்."

அது எங்கே முடிப்பது. திரும்பத் திரும்ப வணக்கம் சொல்லும். இவரும் திரும்பத் திரும்ப வணக்கம் சொல்வார். கடைசியில் அதுவே வைத்துவிடும். "நல்ல புள்ள. வேல ஜாஸ்தி போல" என்று போனைத் திருப்பிக் கொடுப்பார்.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் மேனேஜரிடமிருந்து கடைசி எச்சரிக்கை வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் லண்டன்காரர்கள் நேரடியாக மீட்டிங்கில் வருகிறார்கள், என் கணக்கை நான்தான் விளக்க வேண்டும், அன்றைக்கு நெட் நின்றால் அதோடு சரி. இந்த வேலை போய்விட்டால் நான் இந்த வீட்டில் யார்? புருஷன் வருகிற நாளை எண்ணிக்கொண்டு கோழிக்குத் தீனி போடுகிறவள். அதை நினைத்தாலே அழுகையாக வந்தது.

வியாழன் காலையில் டப்பா சிவப்பு. கிரைண்டர் மேலும் சிவப்பு. கோழிக்கூண்டிலும் சிவப்பு. மொட்டை மாடியில், முருங்கை மரத்தடியில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், எங்கும் சிவப்பு. வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் என் தலையைத் தடவிக்கொண்டு, "உடு கண்ணு, கோழி கூட ஒரு நாளைக்கி முட்ட வெக்காது" என்றார். அது எனக்கு எந்த விதத்தில் ஆறுதல் என்று இன்றுவரை புரியவில்லை.

தேங்கா மாமா வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காயோடு நின்றிருந்தார். முகம் என்னவோ போல் இருந்தது.

"சாமி, ஒரு எடம் இருக்குது. ஆனாச் சொல்லக் கூடாது."

"எங்கீங்க?"

அவர் பாறை மேட்டுப் பக்கம் பார்த்தார்.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கை நின்றது. வீட்டில் அந்த மேட்டின் பேச்சு எழுந்து வருஷக்கணக்காகிறது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கடலையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். லேப்டாப்பையும் டப்பாவையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே தேங்காய்.

மேட்டில் காற்று அள்ளிக்கொண்டு போனது. மூடிய குழி, பலகைக்கல், பக்கத்தில் ஒருநாள் கூட மோட்டார் ஓடாத மோட்டார் ரூம். உள்ளே ஒரு பிளக் பாயிண்ட், நூலாம்படை போர்த்திக்கொண்டு, இத்தனை நாள் யாருக்காகவோ காத்திருந்தது. தேங்கா மாமா குழியைச் சுற்றி நடந்தார். பலகைக்கல்லுக்கு நேராக வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது.

ஜன்னலில் டப்பாவை வைத்துச் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு. ஆரஞ்சு. பிறகு பச்சை. சும்மா பச்சை இல்லை, அசையாத பச்சை. திரையில் வட்டம் சுற்றவே இல்லை.

மேடான இடம், எதிரே டவர், நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. இதுதான் விஷயம். செல்போனோடு ஒருத்தர் அங்கே ஏறியிருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில்தான் யாரும் ஏறவில்லையே.

லண்டன்காரர்கள் திரையில் வந்தார்கள். பேசினேன். என் குரல் ஓர் இடத்திலும் அறுபடாமல் போய்க்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்ல எனக்குக் கிறக்கமாக இருந்தது. பாறைக்கு அடியில் என் பேச்சு சலசலவென்று ஓடி, மேட்டூரைத் தாண்டி, கடலுக்குள் இறங்கிப் போவது போல ஒரு நினைப்பு. முடித்ததும் லண்டன்காரர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் தோளுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தார். வாசலில் தேங்காயை ஏந்தியபடி ஆடாமல் நிற்கிற மனிதர் யார் என்று கேட்டார்.

"எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்" என்றேன்.

அந்த அம்மாள் கும்பிட்டார். தேங்கா மாமா இரண்டு கையும் தேங்காயில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். வேலை தப்பித்தது என்று மேனேஜர் சொன்னபோது நான் விட்ட மூச்சில் நூலாம்படை பறந்தது.

வெளியே வந்தால் மாமனார் நிற்கிறார். எப்போது ஏறி வந்தாரோ. பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்கா மாமா பலகைக்கல்லைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

"இங்க என்னமோ ஓடுதுன்னு நான் அன்னைக்கே சொன்னனல்லோ. தண்ணின்னு நெனச்சதுதான் தப்பாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மாமனார் தொண்டையைச் செருமினார். கைக்கெட்டும் தூரத்தில் தேங்கா மாமா நிற்க, என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தாளக் காப்பி குடிச்சுப்போட்டுப் போகச் சொல்லு."

தேங்கா மாமாவும் என்னிடமே சொன்னார்: "சர்க்கர கம்மியாப் போடச் சொல்லு சாமி."

அதற்குப் பிறகு அவர்கள் நேராகவே பேச ஆரம்பித்து, இப்போது நிறுத்தத்தான் ஆளில்லை.

போன வருஷம் எங்கள் தோட்டத்துக்கும் கேபிள் வந்துவிட்டது. நடுவீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், நெட் நிற்பதில்லை. ஆனாலும் மத்தியானமானால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுகிறேன். வெயிலில் எதற்குப் போகிறாய் என்று மாமியார் திட்டுவார். எதற்கென்று அவருக்கும் தெரியும். நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வேலிப் பக்கமிருந்து அந்தக் குரல் வரும்.

"என்ன சாமி, வத்திருச்சா?"

கேபிள் வந்த சங்கதியை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

"இல்லீங்க மாமா. ஊறிக்கிட்டேதான் இருக்குதுங்க."