ஏற்காடு ஏரியில் ஒரு நட்டு

எனக்கு நீச்சல் தெரியாது. உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. உங்கள் தாத்தா தாமிரபரணியில் நீந்தியவர்தான், ஆனால் அன்றைக்கு ஸ்வெட்டர், மப்ளர், ஷூ எல்லாம் மாட்டியிருந்தார். இப்படி மூன்று பேர் உட்கார்ந்திருந்த படகை ஏரியின் நடுவில் வைத்துக் கழற்றியவன் நான். பிள்ளைகளே, இதை நானே எழுதி வைத்துவிடுவதுதான் நல்லது. (அம்மாவிடம் கேட்டால் படகில் பத்துப் பேர் இருந்தார்கள் என்பாள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். மண்ணூர்பேட்டையில் ஆறு லேத் ஓடும் சின்னப் பட்டறையில் நான் இரும்பு கடையும் டர்னர். கல்யாணமாகி மூன்று மாதம். உங்கள் தாத்தா திருநெல்வேலிக்காரர், ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸ் வீடு. அவ்வளவு பெரிய இடத்தில் வேலை பார்க்கிறவருக்குப் பட்டறைப் பையனிடம் பெண்ணைக் கொடுத்தது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகவே இருந்தது. என்னை ஒருதடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிடவில்லை. 'தம்பி'தான். பஸ் கண்டக்டரையும் அவர் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்பதே அப்போது என் ஆசை.

விநாயகர் சதுர்த்தி லீவோடு ஞாயிறும் சேர்ந்து வந்தது. பக்கத்து லேத்தில் நின்ற கஜேந்திரன், பக்கத்து ஊரான பாடியில் வேன் ஓட்டும் ஒருவர் கொடுத்த டூர் நோட்டீஸைக் கொண்டுவந்தான். 'ஏற்காடு! வருஷம் முழுவதும் குளுகுளு! படகு, ரோஜாத் தோட்டம், காட்சி முனை, அருவி!'

"உன் மாமனாரையும் இட்டுக்கினு வா மாமே. மலை ஏறினா மனுசன் தானா எளகிடுவாரு" என்றான்.

போனோம். காட்சி முனையில் கைப்பிடிக் கம்பி தெரிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மூடுபனி. ரோஜாத் தோட்டத்தில் செடி நிறைய இருந்தது, பூ இல்லை. "மே மாசம் வாங்க சார்" என்றார் தோட்டக்காரர். அருவிக்குப் போகும் வழி மழையில் வழுக்குகிறது என்று வேன் டிரைவரே வேண்டாம் என்றுவிட்டார்.

தாத்தா நோட்டீஸை மடித்து என் கையில் கொடுத்தார். "வருசம் பூரா உண்டுன்னு போட்டிருக்கானே. எங்க தம்பி உண்டு?" என்னவோ நான் அச்சடித்தது போல.

மிச்சமிருந்தது ஏரி. மிதிபடகு. நானும் உங்கள் அம்மாவும் முன்னால் உட்கார்ந்து மிதித்தோம், தாத்தா பின்னால். கஜேந்திரனுக்குத் தண்ணீர் என்றால் பயம், கரையிலேயே நின்றுவிட்டான். ஏரியின் பாதிக்குப் போனதும் எங்கள் கால்களுக்கு நடுவே 'டக்... டக்...' என்று ஒரு சத்தம்.

என் பேன்ட் பையில் எப்போதும் பன்னிரண்டு-பதிமூன்று அளவு ஸ்பானர் ஒன்று இருக்கும். கல்யாணத்தன்றும் வேட்டி மடிப்பில் இருந்தது. அதை எடுத்தேன்.

"எதுக்கு இப்ப?" என்றாள் அம்மா.

"நட்டு லூசா இருக்கு செல்வி. ரெண்டு சுத்து முடுக்கினா சத்தம் நிக்கும்."

"கரையில போயி முடுக்கலாமே?"

நல்ல யோசனைதான். ஆனால் கரையில் போய் முடுக்கினால் பின்னால் இருப்பவர் பார்க்க மாட்டாரே! குனிந்தேன். நட்டு முடுக்கத்தில்தான் இருந்தது. அப்போதாவது விட்டிருக்கலாம். வாஷர் தேய்ந்திருக்கும், திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. நட்டைக் கழற்றினேன்.

"தம்பி" என்றார் தாத்தா பின்னாலிருந்து. "கீழ என்ன வச்சிருக்க?"

கீழே நான் எதையும் வைக்கவில்லை. ஏரிதான் இருந்தது. அச்சுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக 'ப்ளக்' என்று நட்டு தண்ணீருக்குள் போனது. அதைப் பிடிக்கப் பாய்ந்ததில் ஸ்பானரும் பின்னாலேயே போனது. அச்சு நகர்ந்து, மிதிகட்டை மட்டும் சும்மா சுற்றியது. படகை முன்னால் தள்ளும் சக்கரம் அசையவில்லை. உங்கள் அம்மா என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி ஏரிக்கும் இறங்கியது. கரை காணாமல் போனது.

"மாமே! எங்க கீற?" கஜேந்திரனின் குரல் மட்டும் வந்தது.

"நடுவுல கீறேன்!"

"அங்க இன்னா பண்ணிகினு கீற?"

என் முதுகுக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார்: "படகை ஓவர்ஹால் பண்ணுதேன்னு சொல்லு."

முக்கால் மணி நேரம் கழித்துத் துடுப்புப் படகில் ஒருவர் வந்து கயிறு கட்டி இழுத்தார். விஷயத்தைக் கேட்டவர், "அந்தச் சத்தம் எல்லாப் படகுலயும் வரும் சார். சக்கரம் தண்ணியில அடிக்கிற சத்தம்" என்றார். படகில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. நான் ஏறும்வரை.

பனி விலகியபோது கரையில் பெரிய கூட்டம். பூவும் இல்லாமல், அருவியும் இல்லாமல் அலைந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்க்கத்தான் நின்றிருந்தார்கள். ஒரு குழந்தை கை தட்டியது.

இறங்கும்போது படகு ஆடி என் கால் வழுக்கியது. தாத்தா கை நீட்டிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. பிறகு, பட்டறைக்குப் புதிதாக வந்தவனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "நட்டைக் கழட்டுததுக்கு முன்னால கீழ ஒரு தட்டு வைக்கணும், மாப்பிள்ள."

மூன்று மாதம் காத்திருந்த சொல். இப்படியா வரவேண்டும்?

அந்த ஆண்டு எங்களுக்குத் தலை தீபாவளி. ஆவடி குவார்ட்டர்ஸில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்து உட்கார்ந்தேன். மாமனார் மோதிரம் போடுவார் என்று கஜேந்திரன் பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவர் மோதிரமும் போட்டார். கூடவே காகிதத்தில் சுற்றிய ஓர் எவர்சில்வர் தட்டும் கொடுத்தார். பாத்திரக் கடையில் பேர் வெட்டியிருந்தது. பேர் என்னுடையது இல்லை. 'ஏற்காடு ஏரி' என்று இருந்தது.

அந்தத் தட்டில் இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை. மிக்ஸியோ ஃபேனோ, எதைக் கழற்றினாலும் அது முதலில் வந்துவிடும். போன வாரம் மூக்குக் கண்ணாடியின் சின்ன ஸ்க்ரூவை முடுக்கக் கூடத்தில் உட்கார்ந்தேன். அடுப்படியில் இருந்த உங்கள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.