ஷேவிங் மாஸ்டரின் பழைய டேப்லெட்

ஆம்பூரில் தோலின் கனத்தை அளக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தோசையின் கனத்தை அளந்து, ஓரம் ஒரு கனம் நடு ஒரு கனம் என்று தட்டைத் திருப்பி அனுப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஷேவிங் மாஸ்டர்.

முகம் மழிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரத்தோலின் உள்பக்கத்தை மெஷினில் சீவி, முழுத் தோலையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவருவதற்கு எங்கள் தொழிலில் ஷேவிங் என்று பெயர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஈரத்தோலைத் தோளில் சுமந்து ஆரம்பித்து, இன்று என் சரக்கு போகாத நாடு இல்லை என்கிற அளவுக்கு வந்திருக்கிறேன். யாரும் தூக்கிவிடவில்லை, நானேதான் ஏறினேன். சுமை தூக்கிய அந்தக் காலத்திலிருந்தே மாஸ்டர் எனக்கு தோஸ்த். நாலு பேர் இருந்தால் என்னை ‘மொதலாளி’ என்பார். யாரும் இல்லையென்றால் ‘இன்னாப்பா’தான்.

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள். அவர் வைத்திருந்தது கேஜ், அதாவது தோலின் கனம் பார்க்கிற முள்ளு வைத்த சின்னக் கருவி. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பிரிப்பதற்கு முன்னால் அளப்பார். மகள் எஸ்தரைப் பெண் பார்க்க ஏலகிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, இவர் வாசலில் கிடந்த மாப்பிள்ளையின் ஷூவை எடுத்து அளந்துவிட்டு வந்து சபையில் அறிவித்தார்: “பையன் நல்ல பையன். ஷூதான் ரெக்சின்.”

எஸ்தர் சிரித்தாள், மாப்பிள்ளையும் சிரித்தார். அதனால்தான் அந்தச் சம்பந்தம் பிழைத்தது.

வாழ்நாள் முழுக்க ஷேவிங் மெஷின் பக்கத்திலேயே நின்றதில் மாஸ்டரின் காது போய்விட்டது. எஸ்தர் நர்ஸ். முதல் சம்பளத்தில் அப்பாவுக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தாள். ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். “இதுல எல்லாம் கேக்குதும்மா. மனுஷன் பேசறது மட்டும்தான் கேக்கல” என்றார். அதன் பிறகு உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். நான் திட்டினால் மட்டும் சரியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

எங்களிடம் தோல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், ஒவ்வொரு தோலின் கனத்தையும் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும் என்று ஒருமுறை கட்டளை போட்டார்கள். எல்லாப் பிரிவுக்கும் வாங்கிப் போட்டேன். கொஞ்ச வருஷம் கழித்து ஏற்றுமதிப் பிரிவுக்கு மட்டும் புதுசு வாங்கினேன். பழசு மாஸ்டரிடமே இருந்தது. அந்த நேரம் பார்த்து, சாஃப்ட்வேர் தருகிற சென்னைக் கம்பெனி ஒரு புது வசதியை அனுப்பியது. நாம் பேசினால் போதும், டேப்லெட் அதைத் தமிழில் எழுதிக் காட்டும். ஆனால் புது டேப்லெட்டில் மட்டும்தான். பழசில் தட்டினால், இந்தக் கருவிக்கு இந்த வசதி கிடையாது என்று ஒரு வரி வந்து நிற்கும்.

மாஸ்டர் ஏதோ வேலையாக ஏற்றுமதிப் பிரிவுக்குப் போயிருக்கிறார். அங்கே மேஜை மேலிருந்த புது டேப்லெட்டில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், ‘கெழம் வந்துடுச்சி, கேஜ எடுத்து நம்ம டிபன் பாக்ஸை அளக்கப் போவுது’ என்று இருந்தது. பக்கத்தில் இரண்டு சூப்பர்வைசர்கள் உதட்டைக் கையால் மறைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு ஆளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். மாஸ்டர் முகமெல்லாம் மலர என் அறைக்கு ஓடி வந்தார்.

“இன்னாப்பா, என்னப் பத்தி இவ்ளோ பேசறானுங்களா? இத்தினி வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே. என்னுதுலயும் அதப் போடச் சொல்லு.”

பழசில் வராது என்று புரிய வைத்தேன். அவர் விடவில்லை. அடுத்த மாதம் எஸ்தருக்குக் கல்யாணம். கோயிலில் அவள் முதுகுதான் இவருக்குத் தெரியும். முகத்தில் முக்காடு வேறு. பாஸ்டருக்கோ மேலுதட்டையே மூடுகிற மீசை. “எம் பொண்ணு சம்மதம்னு சொல்றது எனக்குத் தெரியணும். அவ்ளோதான் கேக்கறேன்” என்றார்.

இதற்கென்ன, புதுசு ஒன்றை எடுத்து நீட்டினேன். நான் கொடுத்து வாங்காத ஆள் ஊரில் கிடையாது. இவர் வாங்கவில்லை. கேஜை எடுத்தார். பழைய டேப்லெட்டை அளந்தார், புதுசை அளந்தார், இரண்டையும் என் மேஜையில் வைத்தார்.

“பழசு கனம் ஜாஸ்தி. புதுசு கனம் கம்மி. கனம் ஜாஸ்தியான தோலுக்குத்தான ஒசந்த வேல குடுப்போம்? இவனுங்க தலகீழா குடுக்கறானுங்க.”

தோலுக்குள்ள கணக்கு இதுக்குச் செல்லாது மாஸ்டர் என்றேன். “எதுக்குச் செல்லாது? நல்லா ஓடறத ஓடாதுன்னு சொல்லிட்டா, நாளைக்கு என்னயும் அப்டித்தான் சொல்லுவ” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் நான் என்ன பேசினாலும் சுவருக்குத்தான்.

சென்னைக்குப் போன் போட்டேன். நான் கூப்பிட்டால் வராமல் இருப்பார்களா? ஒரு இன்ஜினியர் பெண் மறுநாளே வந்தாள். தெளிவாகப் பேசுகிற பெண். பழசின் உள்ளே இருக்கிற மூளை மெதுவானது, சொல்லைக் கேட்டு எழுத்தாக்குவதற்குள் திணறிவிடும், வரி தாமதமாக வரும், டேப்லெட் சூடாகும், அப்புறம் வாங்கினவர்கள் எல்லாரும் எங்களைத்தான் திட்டுவார்கள், அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம் என்றாள். மாஸ்டர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லேட்டா வந்தா இன்னாம்மா? எனக்கு இப்ப வராமலேதான இருக்குது.”

அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டி, அந்த ஒரு டேப்லெட்டுக்கு மட்டும் பூட்டை எடுத்துவிட்டாள். “வெளியில சொல்லாதீங்க ஐயா” என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது அவள் அந்தக் கம்பெனியில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான். யார் வந்தாலும் வாதாடத் தயார். ஓடவே ஓடாது என்றால் பூட்டு, நான் கேட்கவில்லை. தட்டுத்தடுமாறி ஓடும் என்றால், மெதுவாக வரும், சூடாகும் என்று முகத்துக்கு நேரே எழுதிப் போடு. வேண்டுமா வேண்டாமா என்று வைத்திருக்கிறவன் முடிவு செய்துகொள்வான். படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிற இந்த விஷயத்தை, ஐந்தாம் வகுப்புக்காரன் நான் ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன்.

பெண் சொன்னது அத்தனையும் நடந்தது. எழுத்து சாவகாசமாக வந்தது. டேப்லெட் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. மாஸ்டர் அசரவில்லை. சூட்டுக்கு மருந்து ஈரம்தான் என்பது தோல்காரன் படிப்பு. கல்யாணத்தன்று பட்டு வேட்டி சட்டையோடு கோயிலுக்கு வந்தவர், முதல் வரிசையில் உட்கார்ந்தார். பையிலிருந்து அரைகுறையாகப் பதப்படுத்திய ஈரத்தோல் துண்டு ஒன்றை எடுத்து மடியில் விரித்து, அதன் மேல் டேப்லெட்டை வைத்தார்.

எங்கள் ஊர் மூக்குக்கு அந்த வாடை ஒரு வாடையே இல்லை. ஏலகிரிக் காற்றில் வளர்ந்த சம்பந்தி வீட்டார் கதி என்ன ஆகும்? மாப்பிள்ளையின் பெரியம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்து, “எங்கியோ எலி செத்திருக்கு போல” என்றார். பழைய கோயில், இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

மாஸ்டருக்குத் தெரியாமல் ஒரு புது டேப்லெட்டை நான் கொண்டுபோயிருந்தேன். பழசு காலை வாரினால் எடுத்து நீட்டலாம் என்று. பாஸ்டர் மாப்பிள்ளையைக் கேட்டார், எஸ்தரைக் கேட்டார். அவள் சொன்னது என் கையில் இருந்ததில் உடனே வந்துவிட்டது. மாஸ்டரின் மடியில், பாஸ்டர் ஆரம்பத்தில் எல்லாரையும் வரவேற்ற வரியே இன்னும் முடியவில்லை. நான் அவர் தோளைத் தொட்டு என்னுடையதைக் காட்டப் போனேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி, இரு என்றார். வைத்துவிட்டேன்.

தாலி கட்டியாயிற்று. பாட்டுப் பாடினார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் குடும்ப வாழ்க்கையைப் பற்றி நிதானமாகப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். திடீரென்று மாஸ்டர் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் காது கேட்காதவர் ஆயிற்றே, தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாது.

“சொல்லிட்டாப்பா. சம்மதம்னு சொல்லிட்டா.”

பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்தினார். எஸ்தர் முக்காட்டோடு திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் வழிய வழிய அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லுங்க என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. நானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.